காப்பர் கேபிளா, ஃபைபர் கேபிளா? உங்கள் வீட்டுக்கு எது தேவை?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் என்ன என்று பத்து கடை ஏறி இறங்கி விசாரிக்கிறார்கள். பிராட்பேண்ட் இணைப்பு எடுக்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒயரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. "நெட் ஒயர் இருபது மீட்டர் கொடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் அளந்து கொடுப்பதை வாங்கி வந்து விடுகிறார்கள். பல வீடுகளில் வேகம் தொலைந்து போவது இந்த இடத்தில்தான்.

கோவில்பட்டியில் என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புது வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது. ஃபைபர் இணைப்பு கீழே ஹாலுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் மாடி அறையில் இருக்கிறது. கட்டும்போதே சுவருக்குள் பைப் பதித்து, ஹாலிலிருந்து மாடிக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தார்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்காக 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினார். மாதா மாதம் கூடுதல் பணம் கட்டியும், மாடி கம்ப்யூட்டரில் வேகத்தைச் சோதித்தால் 94 தான் வருகிறது. மூன்று முறை புகார் கொடுத்தார். வந்தவர்கள் ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்பை மாட்டி 300 வருவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஏம்ப்பா, காசு கூடக் கட்டியும் பழைய வேகம்தான் வருது. ஃபைபர் கனெக்‌ஷன்தானே இது, பேசாம அந்த ஃபைபரையே மாடி வரைக்கும் இழுத்துட்டா என்ன?" என்று போனில் கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. அதை நீங்களும் இப்போதே உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம்.

லிங்க் ஸ்பீடு என்ன?

கேபிளை கம்ப்யூட்டரில் மாட்டிய பின், விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்டு இன்டர்நெட் பிரிவில் ஈதர்நெட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். கீழே லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். அங்கே 1000/1000 என்று இருந்தால் கிகாபிட் வேகத்தில் இணைந்திருக்கிறது. 100/100 என்று இருந்தால், நீங்கள் 300 அல்ல, 1000 எம்பிபிஎஸ் திட்டமே எடுத்தாலும் கிடைக்கப்போவது 94, 95 தான். நூறில் மீதி ஐந்தாறு, தகவல் பாக்கெட்டுகளின் மேலுறைக்கே போய்விடும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 300 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 300 மெகாபிட். ஃபைல் டவுன்லோடு ஆகும்போது விண்டோஸ் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5 வரும். "300 வாங்கினேன், 37 தான் வருகிறது" என்று பலர் சண்டைக்குப் போவது இதனால்தான். அது சரியான வேகம். ஆனால் 11 அல்லது 12 என்று வந்தால் லிங்க் ஸ்பீடு 100-ல் நிற்கிறது என்று சந்தேகப்படலாம்.

100-ல் நிற்க மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு பழையதாக இருக்கலாம். இரண்டாவது, ஃபைபர் பெட்டியில் தப்பான துளையில் கேபிளை மாட்டியிருக்கலாம். சில பெட்டிகளில் ஒரு துளைக்கு ஜிஇ என்றும் இன்னொன்றுக்கு எஃப்இ என்றும் எழுதியிருப்பார்கள். ஜிஇ என்பது கிகாபிட் ஈதர்நெட், எஃப்இ என்பது ஃபாஸ்ட் ஈதர்நெட். பெயரில் ஃபாஸ்ட் இருந்தாலும் அது 100 தான்! கேபிளை ஜிஇ துளைக்கு மாற்றினாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூன்றாவது காரணம் கேபிள். சித்தப்பா வீட்டில் இந்த மூன்றாவதுதான்.

எட்டு ஒயர் எதற்கு?

நெட்வொர்க் கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய ஒயர்கள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். முறுக்கு அழகுக்காக அல்ல. ஒரு ஜோடியின் இரண்டு ஒயர்களிலும் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல் போகிறது. வெளியிலிருந்து வரும் மின் தொந்தரவு இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது காணாமல் போகிறது. டெலிபோன் ஒயர்களுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றும் இதை விட்டால் வேறு வழி இல்லை.

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். 1999-ல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் 250 வீதம் சுமக்கும். ஒரே ஒரு ஒயர் விட்டுப்போனாலும் கிகாபிட் கிடையாது. இரண்டு முனைக் கருவிகளும் பேசிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. அதனால்தான் இந்தக் குறை வருடக்கணக்கில் தெரியாமலே இருந்துவிடுகிறது.

சித்தப்பா வீட்டு ஜாக்கைக் கழற்றிப் பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் நான்கு ஒயரை மட்டும் இணைத்து, மீதி நான்கை இன்டர்காம் போனுக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அது சிக்கனம். இன்டர்காமைக் கழற்றிவிட்டு எட்டையும் சேர்த்து கிரிம்ப் செய்தேன். வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

லிங்க் ஸ்பீடு 1000 என்று வந்தது. சித்தப்பா சந்தோஷப்பட்டார். அரை மணி நேரத்தில் மறுபடி 100. பிறகு 1000. பிறகு இணைப்பே போய் மறுபடி வந்தது. ஒரு ஒயரை பிளேடால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். விஷயம் புரிந்துவிட்டது.

செம்பு பூசிய அலுமினியம்

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நெட்வொர்க் கேபிள்களில் கணிசமானவை முழுக் காப்பர் அல்ல. அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்பு உறை ஏற்றியவை. வியாபாரத்தில் இதற்கு சிசிஏ என்று பெயர். வெளியுறையில் கேட் 6 என்று ஜோராக அச்சடித்திருப்பார்கள். ஆனால் கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுத் தாமிரம். சிசிஏ கேபிளுக்கு அந்தப் பெயரைப் போடவே தகுதி கிடையாது.

அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆகவே தூரம் கூடக் கூட சிக்னல் சீக்கிரம் தேய்கிறது. கேமராக்களுக்கு கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையில் பயன்படுத்தினால் கேபிள் சூடாகும். கட்டுக்கட்டாக ஒரே பைப்பில் போனால் இன்னும் மோசம். அலுமினியம் மடக்கினால் எளிதில் முறியும். ஜாக்கில் அழுத்தும் இடத்தில் நாளடைவில் பிடி தளரும். நான் புதிதாகக் கிரிம்ப் செய்தபோது பழைய ஒயர்களை இப்படியும் அப்படியும் வளைத்ததில் ஒன்று உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்க வேண்டும்.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு ஒயரைச் சுரண்டிப் பாருங்கள். நல்ல காப்பர் என்றால் உள்ளேயும் செம்பு நிறமே இருக்கும். வெட்டிய முனையை உற்றுப் பார்த்தாலும் தெரியும். ஒயரை ஏழெட்டு முறை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்துங்கள், அலுமினியம் சீக்கிரம் உடைந்துவிடும். 305 மீட்டர் முழுப் பெட்டியாக வாங்குபவர்கள் தூக்கிப் பார்த்தாலே போதும். தாமிரத்தின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். "காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் ஒரிஜினல்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். காந்தம் தாமிரத்திலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. செம்பு பூசிய இரும்பு ஒயராக இருந்தால் மட்டுமே அந்தச் சோதனை பயன்படும்.

சித்தப்பாவுக்குப் புதுக் கேபிள் இழுப்பதைத் தவிர வழியில்லை. பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தோம். பாதியில் ஒரு எல்போவில் சிக்கிக்கொண்டது. மாடிப்படி ஓரத்தில் ஒரு டைல்ஸை உடைத்து, பைப்பை அறுத்து, வளைவை மாற்றிப் பூசினோம். கேபிளில் மிச்சம் பிடித்த காசு கொத்தனார் கூலியாகப் போயிற்று. சித்தி அந்த டைல்ஸ் இடத்தைக் காட்டி இன்னும் சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எந்த கேட் வாங்கலாம்?

வீட்டுக்கு கேட் 6 வாங்குங்கள். யோசிக்கத் தேவையில்லை. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். 2016-ல் வந்த புதிய ஈதர்நெட் தரத்தின்படி 2.5 கிகாபிட் வேகத்தையும் தாங்கும். ஆகவே ஏற்கெனவே வீட்டில் நல்ல கேட் 5இ இருந்தால் பிடுங்கிப் போட வேண்டாம். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 சிறந்தது. இது 100 மீட்டருக்கு 5 கிகாபிட், ஐம்பது மீட்டர் அளவில் இருக்கும் குறைந்த தூரத்துக்கு 10 கிகாபிட் வரை போகும். கேட் 6ஏ என்றால் 100 மீட்டருக்கும் 10 கிகாபிட். ஆனால் தடிமனாக இருக்கும், வளைக்கச் சிரமம், முக்கால் அங்குல பைப்பில் இரண்டு கேபிள் போட்டால் திணறும்.

கேட் 7, கேட் 8 என்று தட்டையான கேபிள்கள் ஆன்லைனில் நிறைய விற்கின்றன. பெரிய நம்பர் என்பதற்காக வாங்க வேண்டாம். கேட் 8 என்பது டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்த உருவான தரம். தட்டைக் கேபிள்களில் உள்ளே இருப்பது முடி போன்ற மெல்லிய ஒயர். மேஜைக்கு மேஜை இணைக்கச் சரி, சுவருக்குள் போட வேண்டாம். அதேபோல, உலோகத்தாள் சுற்றிய ஷீல்டு கேபிளும் வீட்டுக்கு அவசியமில்லை. சரியாக எர்த் கொடுக்காவிட்டால் அதனால் பயனும் இல்லை.

சுவருக்குள் போடுவது சாலிட் கேபிள், அதாவது ஒவ்வொரு ஒயரும் ஒற்றைக் கம்பியாக இருப்பது. சுவர் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டர் வரை வருவது பல இழைகள் சேர்ந்த பேட்ச் கார்டு. அது ரெடிமேடாகக் கிடைக்கும். 230 வோல்ட் மின் ஒயர் போகும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் திணிப்பது நம் ஊரில் சகஜம். வேகம் கெடுவது இருக்கட்டும், உறை உரசித் தேய்ந்தால் உயிருக்கே ஆபத்து. தனிப் பைப் கேளுங்கள்.

ஃபைபரை மாடி வரை இழுத்தால் என்ன?

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். ஃபைபர் என்றால் ஒளி, ஒளி மின்சாரத்தைவிட வேகமாகப் போகும், அதனால் இன்டர்நெட் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. காப்பர் கேபிளில் சிக்னலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் செல்கிறது. வித்தியாசம் ஓடும் வேகத்தில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. காப்பரில் வேகத்தைக் கூட்டக் கூட சிக்னல் சீக்கிரம் தேயும், பக்கத்து ஜோடியின் சத்தமும் ஏறும். அதனால்தான் 100 மீட்டர் என்ற எல்லை. கண்ணாடி இழையிலோ ஒரு கிலோமீட்டர் போன பிறகும் ஒளியின் பெரும்பகுதி மிச்சமிருக்கும்.

1966-ல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர், கண்ணாடியில் உள்ள அசுத்தங்களை நீக்கினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையைச் செய்து காட்டியது. காவுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னையையும் அந்தமானையும் இணைத்து 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிளும் இதே வகை இழைதான்.

ஆனால் ஹாலிலிருந்து மாடிக்கு இருபது மீட்டர். இந்தத் தூரத்துக்கு கேட் 6 தரும் வேகமே உங்கள் திட்டத்தைவிட அதிகம். கம்ப்யூட்டரில் ஃபைபரை நேராக மாட்டவும் முடியாது. இடையில் ஒளியை மின்சாரமாக மாற்றும் பெட்டி வேண்டும். தெருவிலிருந்து வரும் இழையை இரண்டாகப் பிரித்து நீங்களே மாடிக்கு ஒரு கிளை இழுப்பதும் நடக்காது. ஒரு வழி இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வரும்போதே, ஃபைபரை மாடி அறைக்குக் கொண்டுபோய் பெட்டியை அங்கேயே வைக்கச் சொல்லலாம். கம்ப்யூட்டர் மட்டும்தான் முக்கியம் என்றால் இது நல்ல யோசனை. ஹாலில் டிவியும் நாலு போனும் இருந்தால் வைஃபை சிக்னல் கீழே குறைந்துவிடும். சித்தப்பா வீட்டில் டிவிக்கு ஓட்டுப் போட்டவர்கள் அதிகம் என்பதால் பெட்டி ஹாலிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் வரும் ஃபைபரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணியில் மாட்டி மடக்குவது, சோபாவுக்கு அடியில் நசுக்குவது கூடாது. மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். 3 டெசிபல் இழப்பு என்றால் ஒளியில் பாதி போயிற்று என்று அர்த்தம். பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கினால் முதலில் கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிற முனையைப் பச்சை ஜாக்கில்தான் மாட்ட வேண்டும். அதன் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல முனை நேரானது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் கெடும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து "வெளிச்சம் வருதா" என்று ஒருபோதும் பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

ஃபைபர் கட்டாயம் தேவைப்படும் இடம்

சித்தப்பா விடவில்லை. வீட்டிலிருந்து 180 மீட்டர் தள்ளி ஒரு குடோன் இருக்கிறது. அங்கே நான்கு கேமரா வைக்க வேண்டும், படம் வீட்டில் தெரிய வேண்டும். "மிச்ச கேபிள் பெட்டியில இருக்கே, அதையே இழுத்துரு" என்றார்.

இங்கேதான் ஃபைபர். 100 மீட்டரைத் தாண்டினால் காப்பரை நம்ப முடியாது. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து நீட்டலாம் என்றால் வெட்ட வெளியில் அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் இடி மின்னல். இரண்டு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் போகும் காப்பர், பக்கத்தில் மின்னல் இறங்கினால் அந்த மின் அழுத்தத்தை இரண்டு பக்கத்துக்கும் கொண்டுவந்து சேர்க்கும். ரவுட்டர், கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாம் ஒரே நொடியில் போகலாம். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒன்றாக இல்லாவிட்டால் மின்னல் இல்லாமலே தொந்தரவு வரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் சில வெளிப்புற ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்து வரும். உலோகம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். இரும்புக் கம்பி உள்ளதே கிடைத்தால், கட்டடத்துக்குள் நுழையுமுன் அந்தக் கம்பியை வெட்டி விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது சிங்கிள் மோடு ஃபைபர். ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மல்டிமோடு என்று 50 மைக்ரான் வகையும் உண்டு, பெரும்பாலும் அலுவலகங்களிலும் டேட்டா சென்டர்களிலும் குறைந்த தூரத்துக்குப் பயன்படுவது. நம் ஊரில் இன்டர்நெட் இணைப்புக்காரர்கள் பயன்படுத்துவது சிங்கிள் மோடு என்பதால், அதற்கான சாமானும் ஒட்டித் தரும் ஆளும் எளிதில் கிடைப்பார்கள். இரண்டையும் கலந்து மாட்டாதீர்கள்.

இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். ஒரு பக்கம் ஃபைபர், மறுபக்கம் சாதாரண நெட்வொர்க் துளை. ஒற்றை இழையில் வேலை செய்பவை ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று அனுப்பும் ஒளி நிறத்தை மற்றது வாங்கும். இரண்டு ஏ வாங்கி வந்துவிட்டு "லைட்டே எரியவில்லை" என்று திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், 100 வேகப் பெட்டிகளும் அதே தோற்றத்தில் விற்கின்றன. ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதால், குடோனில் கேமராக்களுக்கு பிஓஇ சுவிட்ச் ஒன்றும் அதற்கு மின் இணைப்பும் தனியாக வேண்டும். சுவிட்சிலிருந்து கேமரா வரை கேட் 6 காப்பர்.

முனைகளை ஒட்டும் வேலையை ஸ்பிளைசிங் மெஷின் வைத்திருக்கும் உள்ளூர் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். வெட்டி விழும் கண்ணாடித் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுப்பது கடினம். அவற்றை செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு கோர் அல்லது நான்கு கோர் கேபிளாகப் போடுவது நல்லது, விலை வித்தியாசம் அதிகமில்லை. ஒரு இழை போனால் அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம்.

குடோன் கேபிள் பூமிக்கு அடியில் பைப்பில் போகிறது, எலியும் அணிலும் கடிக்காமல் இருக்க. இந்த முறை பைப்பில் எல்போ எதுவும் வைக்கவில்லை. நீண்ட வளைவுகள் மட்டும்தான். கேபிளோடு ஒரு நைலான் கயிறையும் சேர்த்து உள்ளே போட்டு வைக்கச் சொன்னவர் சித்திதான்.